ஒரகடம் டெஸ்ட் ட்ராக் போய்ட்டு வந்தோம் (ரொம்ப நீளம், பொறுமையா படிங்க)

நகரி_பாலியோ:

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை நம்ம தமிழ்நாடு ஆந்திரா பார்டர் கார் கிளப் கோஷ்டி பதினோரு வண்டி எடுத்துகினு ஒரகடம் பக்கத்துல வண்டி டெஸ்ட் பண்ற ஒரு சென்டருக்கு போய்ட்டு வந்தோம். போட்டோ எங்க போட்டோ எங்கன்னு ரெண்டு நாளா உயிர எடுக்கறீங்க, போட்டோ கெடையாதுப்பா. கேட்லயே போன் கேமரா மேல முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. சென்டர் பேரையும் எங்கயும் போட வேணாம்னு சொல்லிட்டாங்க, ஏன்னா உள்ள இன்னும் ரிலீஸ் ஆகாத வண்டிங்க உடம்பு பூரா கருப்பு வெள்ளை ஸ்டிக்கர் சுத்திகினு நிக்குது. அதனால எழுத்துல தான் சொல்லணும்.

ஸ்போர்ட்ஸ் கார் கிளப்னு லெட்டர்ல போட்டு பர்மிஷன் வாங்கினதுக்கே எனக்கு கொஞ்சம் கூச்சம் தான். பதினொண்ணுல நெஜமான ரெண்டு கதவு வண்டி மூணே மூணு. மீதி எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்க வண்டி, என் பாலியோ 1.6, ஒரு அபார்த் புன்டோ, ரெண்டு மூணு டர்போ. ஆனா கேட்டுல செக்யூரிட்டி அண்ணன் மொதல்ல ஓடிப்போய் பாத்தது நம்ம அரக்கோணம் அண்ணன் கொண்டாந்த சான் ஸ்டார்ம தான். கோவால செஞ்ச வண்டி, ஃபைபர் பாடி, ரெனோ 1.2 இன்ஜின், 60 குதிரை. இது எந்த நாட்டு வண்டி சார்னு கேட்டாரு, நம்ம நாட்டு வண்டி தாங்கன்னதும் நம்பவே இல்ல.

காலைல 5 மணிக்கு நகரி, திருத்தணில டிஎன் 20 பசங்க சேந்துக்கினாங்க, அரக்கோணம், காஞ்சிபுரம், அங்க இட்லி, அப்புறம் வாலாஜாபாத் வழியா ஒரகடம். ரோட பத்தி எழுத ஒண்ணும் இல்ல. வாலாஜாபாத் தாண்டினா கன்டெய்னர் லாரி தான் ராஜா.

உள்ள எங்களுக்கு சுத்தி காட்டினது ஒரு இன்ஜினியர் மேடம். முப்பது வயசுக்குள்ள தான் இருக்கும். மொதல் கேள்வியே "உங்கள்ல எத்தன பேர் வண்டில பெல்ட் மாட்டாம பீப் சத்தத்த நிறுத்த கிளிப் வச்சிருக்கீங்க?" எல்லாரும் தரைய பாக்கறோம். ஒருத்தன் மட்டும் கைய தூக்கினான், அவன் கிளிப்புல முருகர் படம் வேற போட்டிருக்கு. மேடம் சிரிக்கல.

மொதல்ல சத்தம் அளக்கற ட்ராக். சும்மா ஒரு சின்ன ரோடு மாதிரி தான் தெரியுது, ஆனா அந்த தாரே தனி தாராம், டயர் சத்தம் ஊருக்கு ஊரு மாறக் கூடாதுன்னு உலகம் பூரா ஒரே பக்குவத்துல போடறது. நடுக்கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் ஏழரை மீட்டர்ல மைக், தரைல இருந்து 1.2 மீட்டர் உயரம். 50 கிலோமீட்டர் வேகத்துல வந்து கோட்ட தொட்டதும் ஆக்ஸிலேட்டர முழுசா மிதிக்கணும், 20 மீட்டர் தாண்டினதும் விட்டுடணும். நம்ம ரெண்டு வண்டிய விட்டு காட்டினாங்க. கம்பெனி சைலென்சரோட என் பாலியோ, அப்புறம் சத்தமே_சங்கீதம் தம்பியோட வண்டி. அவன் வண்டி கோட்ட தொட்டப்ப மைக் பக்கத்துல நின்ன டெக்னீஷியன் காத பொத்திக்கினாரு, அந்த வேலைய வருஷக்கணக்கா பாக்கறவரு. நம்பர நான் சொல்ல மாட்டேன், அவனே சொல்லட்டும்.

அடுத்து பிரேக் ட்ராக். இங்க தான் எனக்கு வயித்த கலக்கிச்சு. ஒரு பக்கம் சாதா தார், இன்னொரு பக்கம் வழவழன்னு கருங்கல் டைல்ஸ், அது மேல தண்ணி ஓடிகினே இருக்கு. இடது ரெண்டு சக்கரம் டைல்ஸ்ல, வலது ரெண்டும் தார்ல. அவங்க வண்டி, அவங்க டிரைவர், பின் சீட்டுல நாங்க மூணு பேர். 60ல போய் பிரேக்க ஒரே மிதி மிதிச்சாரு. ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்காம பிரேக்க விட்டு விட்டு புடிக்கற சமாச்சாரம், கடகடன்னு காலு கீழ அடிக்குது, வண்டி லேசா இழுத்துச்சு, அவரு ஸ்டியரிங்க கொஞ்சம் திருப்பினாரு, நின்னுடுச்சு. சரி இவ்ளோ தானான்னு நெனைச்சேன். வண்டிய திருப்பி கொண்டாந்து ஏபிஎஸ் ஃபியூஸ புடுங்கிட்டு அதே வேகம், அதே எடம், அதே மிதி. ஸ்டியரிங் நேரா தான் இருக்கு, வண்டி தார் இருக்கற பக்கமா இழுத்து அப்படியே பம்பரம் மாதிரி ஒண்ணரை சுத்து. நிக்கறப்ப நாங்க வந்த வழிய பாத்துகினு இருக்கோம். பக்கத்துல உக்காந்திருந்த ஸ்டார்ம் அண்ணன் மெதுவா சொல்றாரு, "டேய், என் வண்டில ஏபிஎஸ்ஸே கெடையாதுடா". திரும்பி வர்றப்ப அவர் 60 தாண்டவே இல்ல.

கல் பாவின ரோடு ஒண்ணு இருக்கு, பெல்ஜியம் ரோடுன்னு சொல்றாங்க, ஐரோப்பால பழைய தெருவுல இருக்கற மாதிரி கல்லு. புது வண்டிய அதுல வாரக்கணக்கா ஓட்டி ஓட்டி எங்க வெல்டிங் விடுதுன்னு பாப்பாங்களாம். நம்மாளு ஒருத்தன் "இதுக்கு எதுக்கு இவ்ளோ செலவு, எங்க ஊர் பக்கம் ஒரு வாரம் அனுப்புங்க"ன்னான். மேடம் அப்ப தான் மொத தடவ சிரிச்சாங்க.

கிராஷ் ஹால், அதாவது வண்டிய மோத விட்டு பாக்கற எடம், அத பத்தி தனியா எழுதறேன், கை வலிக்குது. அங்க ஒரு விஷயம் நடந்துச்சு.

டிஎன்20_தம்பி:

அண்ணா ஒரு விஷயம் நடந்துச்சுன்னு சொல்லிட்டு போனா எப்படி, சீரியல் மாதிரி

சத்தமே_சங்கீதம்:

சரி நானே சொல்றேன். பாலியோ 73, நம்ம வண்டி 89. கார்ங்களுக்கு சட்டப்படி 74 தான். மேடம் சொன்னாங்க, இந்த டெசிபல் கணக்கு நம்ம கூட்டல் கழித்தல் மாதிரி இல்ல, 3 ஏறினாலே சத்தத்தோட சக்தி டபுள்னு. அப்ப 16 ஏறினா நாப்பது மடங்கு. எனக்கு பெருமையா இருக்கா கேவலமா இருக்கான்னே தெரியல. ஆனா ஒண்ணு, நகரி மூக்கு மலைய பாத்துகினு காலைல ஆறு மணிக்கு அந்த வளைவுல டவுன் ஷிஃப்ட் பண்றப்ப வர்ற சத்தம் இருக்கே, அத எந்த மைக்கும் புரிஞ்சிக்காது.

புத்தூர்_பாவா:

மைக் புரிஞ்சிக்காது சரி, அந்த வளைவுல வீடு கட்டி இருக்கற எங்க சித்தப்பாக்கு நல்லா புரியுது. போன மாசம் ரெண்டு தடவ உன்ன பத்தி கேட்டாரு.

நகரி_பாலியோ:

தொடர்ச்சி.

கிராஷ் ஹால். பெரிய குடோன் மாதிரி இருக்கு, உள்ள சில்லுனு ஏசி. மனுசனுக்கு இல்ல, வண்டிய மோத விடறப்ப ஆளுக்கு பதிலா உள்ள உக்கார வைக்கற டம்மி பொம்மைக்கு. நெஞ்செலும்பு, கழுத்துல இருக்கற ரப்பர் எல்லாம் சூடு ஏறினா இளகி போய் அளவு தப்பா காட்டுமாம், அதனால 20 டிகிரி 22 டிகிரிலயே வச்சிருக்காங்க. நமக்கு வெளிய வெயில்ல மண்டை காயுது, அவரு உள்ள ஏசில சட்ட அரை டவுசர் ஷூ போட்டுகினு சேர்ல உக்காந்திருக்காரு. 78 கிலோ. பக்கத்துல ஒண்ணரை வயசு கொழந்த ஒண்ணு, மூணு வயசு கொழந்த ஒண்ணு. அந்த சின்ன பொம்மைய பாத்ததும் நம்ம கூட்டத்துல கொழந்த இருக்கறவங்க எல்லாம் கப்சிப்.

அன்னிக்கு டெஸ்ட் எதுவும் இல்ல. ஆனா கொஞ்ச நாள் முன்ன அடிச்ச வண்டி ஒண்ணு ஓரமா நிறுத்தி வச்சிருந்தாங்க, என்ன வண்டின்னு தெரியாத மாதிரி லோகோ எல்லாம் மூடி. மூஞ்சில டிரைவர் பக்கம் மட்டும் தான் நசுங்கி இருக்கு, நேரா செவுத்துல மோதறது இல்ல, வண்டி அகலத்துல 40 சதம் மட்டும் படற மாதிரி அலுமினிய தேன்கூடு ஒண்ணு வச்சு அதுல மோத விடறாங்க. எதிர்ல வர்ற வண்டி மேல பாதி பாதி மோதற மாதிரி. கதவ தொறந்து காட்டினாங்க. ஏர்பேக் காத்து போய் தொங்குது, அது மேல நீலக் கலர்ல ஒரு மூக்கு, ரெண்டு புருவம், ஒரு நெத்தி. அச்சு வச்ச மாதிரி. பொம்மை மூஞ்சில முன்னாடியே கலர் பூசிடுவாங்களாம், எங்க போய் இடிச்சதுன்னு தெரியறதுக்கு. முட்டில பச்ச, அது ஸ்டியரிங்குக்கு கீழ பிளாஸ்டிக்ல பட்டிருக்கு. நான் அந்த நீல மூக்கையே ரொம்ப நேரம் பாத்துகினு இருந்தேன். அந்த பை இல்லன்னா அந்த மூக்கு எங்க பதிஞ்சிருக்கும்?

வெளிய வந்து நம்ம வண்டிங்கள வரிசையா நிறுத்தி மேடம் ஒவ்வொண்ணா பாத்தாங்க. சும்மா ஃபிரெண்ட்லியா தான். ஒருத்தர்கிட்ட சீட் கவர் பத்தி, சீட்டு பக்கவாட்டுல ஏர்பேக் இருக்கற வண்டில இறுக்கமா லெதர் கவர் தச்சா பை வெளிய வராது. ஒருத்தர்கிட்ட டேஷ்போர்டுல ஒட்டின பித்தள பிள்ளையார் பத்தி, பாசஞ்சர் ஏர்பேக் மூடி மேலயே ஒட்டி வச்சிருக்காரு, அது வெடிச்சா பிள்ளையார் நேரா பக்கத்துல உக்காந்திருக்கற அண்ணி மூஞ்சிக்கு தான் வருவாரு. நடுவுல தள்ளி வைங்க சார்னு மரியாதையா சொன்னாங்க.

அப்புறம் வெள்ளை_டர்போ வண்டி. அத பத்தி உங்களுக்கே தெரியும், நம்ம கிளப்போட மாப்பிள்ளை வண்டி, பாலிஷ் போட்டு போட்டு கண்ணாடி மாதிரி வச்சிருப்பான். மேடம் உள்ள எட்டி பாத்தாங்க. ஸ்டியரிங் நடு மூடிய விரலால தடவினாங்க. திரும்ப தடவினாங்க. "இது செகண்ட் ஹேண்டா?" ஆமாங்க மேடம். "ஆக்சிடென்ட் ஹிஸ்டரி?" இல்லீங்க மேடம், எழுதியே குடுத்திருக்காங்க. "இந்த மூடி ஒரிஜினல் மாதிரி தெரியல, ஓரத்துல இடைவெளி ஒரு பக்கம் அதிகமா இருக்கு, லோகோ சுத்தி இருக்கற தையல் மாதிரி கோடும் வேற. ஊருக்கு போனதும் நல்ல ஆள் கிட்ட காட்டுங்க." அவ்ளோ தான் சொன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. அவன் காஞ்சிபுரம் வரைக்கும் எங்க யார்கிட்டயும் பேசல.

வெள்ளை_டர்போ:

நாளைக்கு திருத்தணில காட்டறேன். டேஷ்போர்டுல ஏர்பேக் லைட்டு சாவி போட்டா எரிஞ்சு அஞ்சு செகண்டுல ஆஃப் ஆகுது, சரியா தான் இருக்கு. மேடம் ஓவரா சொல்றாங்கன்னு தான் எனக்கு தோணுது.

ஷெட்_மாமா:

தம்பிங்களா, நாப்பது வருஷமா டிங்கர் வேல பாத்தவன் சொல்றேன் கேளுங்க. இந்த காலத்து வண்டிக்கு தகடே கெடையாது. வெரலால அமுக்கினா குழி உழுது. அம்பாசிடர் பானெட்ல நாலு பேர் ஏறி நின்னு போட்டோ எடுத்திருக்கோம். தகடு கனமா இருந்தா தான் உசுருக்கு கேரண்டி, இந்த பை கிய் எல்லாம் அப்புறம்.

எங்க காலத்துல டெஸ்ட் ட்ராக்னா சோழவரம் தான். வெள்ளக்காரன் யுத்தத்துக்கு போட்ட ஏரோப்ளேன் ரன்வே. ரேஸ் நடக்கும், நான் அப்ப பொடியன், அரக்கோணத்துல ரயில் ஏறி மெட்ராஸ் போய் அங்கிருந்து பஸ்ல தொங்கிகினு போவோம். வண்டி போற எடத்துக்கும் ஜனம் நிக்கற எடத்துக்கும் நடுவுல என்ன இருந்துச்சுன்னு இப்ப யோசிச்சா குலை நடுங்குது. வேர்க்கடல துன்னுகினு ஓரத்துல நிப்போம், மூஞ்சில பெட்ரோல் வாசன அடிக்கும். 1990ல இருங்காட்டுக்கோட்டைல ட்ராக் வந்ததும் எல்லாம் அங்க போச்சு. கோயமுத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜின போட்டு ஃபார்முலா மாருதின்னு ஒண்ணு பண்ணாரே, ஏழைக்கும் ரேஸ் வண்டி, அந்த வண்டிய கிட்டக்க இருந்து பாத்தவன் நான். அதுல ஒரு பை கெடையாது.

டம்மி_78:

மாமா வணக்கம், நான் பள்ளிப்பட்டு. வேற ஒரு ஊர்ல இதே மாதிரி லேப்ல தான் வேல, பேர்லயே தெரிஞ்சிருக்கும். நீங்க சொல்ற தகடு விஷயத்துல மட்டும் சண்ட போடறேன், மன்னிக்கணும்.

பானெட்டு தகடும் உசுரும் வேற வேற. மூஞ்சி நசுங்கணும் மாமா, நசுங்கறதுக்கு தான் அத செஞ்சிருக்கு. வண்டி 64 கிலோமீட்டர் வேகத்துல வந்து நிக்கணும், அந்த வேகம் எங்கயாவது போயாகணும். மூஞ்சி மடிஞ்சு மடிஞ்சு அத வாங்கிக்குது, கொஞ்சம் கூடுதல் நேரம் கெடைக்குது. மூஞ்சி மடியலன்னா உள்ள இருக்கற ஆளு தான் மடியணும். ஆனா ஆளு உக்காந்திருக்கற கூண்டு மடியவே கூடாது, அங்க போடற இரும்பு நீங்க பாத்த அம்பாசிடர் இரும்ப விட பல மடங்கு உறுதி, அது வெளிய தெரியாது, கதவு தூணுக்குள்ள இருக்கு. வெரலால அமுக்கி பாக்கற எடத்துல அது கெடையாது.

ஏன் 64னு யாராவது கேப்பீங்க. நம்ம நாட்டுல வண்டி விக்கறதுக்கு கட்டாயமான டெஸ்ட் 56ல. 2023 அக்டோபர்ல இருந்து பாரத் என்கேப்னு வண்டி பாதுகாப்புக்கு ஸ்டார் போடற திட்டம் வந்துச்சே, அது 64. எட்டு கிலோமீட்டர் தானேன்னு தோணும். ஆனா மோதற சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 56க்கும் 64க்கும் நடுவுல 30 சதம் கூடுது. 64ல செவுத்துல மோதறதும் அஞ்சாவது மாடில இருந்து வண்டிய கீழ தள்ளறதும் கிட்டத்தட்ட ஒண்ணு, 16 மீட்டர் வருது கணக்கு. பைபாஸ்ல 100ல போறவங்க கணக்கு போட்டு பாருங்க, 64 விட ரெண்டரை மடங்கு கிட்ட. அஞ்சு ஸ்டார் 100க்கு குடுத்தது இல்ல.

மோதி முடியறதுக்கு மொத்தமா 150 மில்லி செகண்ட் கூட ஆகாது, நீங்க கண்ண ஒரு தடவ சிமிட்டற நேரம். அதுல சென்சார் முடிவெடுத்து பை முழுசா விரியறது மொத 50க்குள்ள. அதனால தான் பெல்ட் போடாம பைய மட்டும் நம்பி உக்காந்தா பிரச்சன, நீங்க முன்னாடி பறந்து வர்றப்ப பை எதிர்ல வெடிச்சுகினு வரும்.

வெள்ளை_டர்போ தம்பி, லைட்ட நம்பாதீங்க. பைய எடுத்துட்டு அந்த எடத்துல சின்ன ரெசிஸ்டர் ஒண்ண மாட்டினா கம்ப்யூட்டருக்கு பை இருக்கற மாதிரியே தெரியும். லைட்டு ஒழுங்கா எரிஞ்சு ஒழுங்கா அணையும். ஸ்கேனர்ல கூட ஒண்ணும் வராது. மூடிய கழட்டி கண்ணால பாத்தா தான் உண்டு. ஆனா நீங்களா ஸ்க்ரூ டிரைவர் எடுத்துகினு எறங்காதீங்க, உள்ள நெஜமாவே பை இருந்தா அது பட்டாசு. பேட்டரி கேபிள கழட்டி கொஞ்ச நேரம் விட்டுட்டு, தெரிஞ்ச ஆளு தான் கை வைக்கணும்.

ஷெட்_மாமா:

நீ படிச்சவன், சொல்ற. ஆனா பம்பர் இடிச்சா மூவாயிரத்துல முடியற வேல இப்ப முப்பதாயிரம் ஆவுதே, அதுக்கு உங்க லேப்ல என்ன பதில்?

டம்மி_78:

அதுக்கு லேப்ல பதில் கெடையாது மாமா 😄 அத இன்சூரன்ஸ்காரன கேளுங்க

லூட்டன்_சீனு:

சித்தூர் பையன், இப்ப இங்கிலாந்துல. இத படிச்சதும் ஊர் நெனப்பு வந்துடுச்சு. எங்க வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல மில்புரூக்னு ஒரு டெஸ்ட் எடம் இருக்கு, பெட்ஃபோர்ட்ஷைர்ல, 1970ல இருந்து ஓடுது. இங்க கார் கிளப்காரங்க அங்க போறது சகஜம். நான் ஒரு தடவ ஆபீஸ் ஃபிரெண்டு கிளப்போட ஒட்டிகினு போனேன். அங்க ஒரு வட்ட ட்ராக் இருக்கு, சுத்தளவு ரெண்டு மைல், அதாவது 3.2 கிலோமீட்டர், அஞ்சு லேன், வெளிய போகப் போக சரிவு ஏறிகினே போகும், கிணத்து சர்க்கஸ் மாதிரி. மேல் லேன்ல நூறு மைல் வேகத்துல, நம்ம கணக்குக்கு 160, ஸ்டியரிங்க விட்டுட்டா கூட வண்டி தானா சுத்தும். சரிவும் வேகமும் சரியா சமன் ஆவுது. டிரைவர் கைய எடுத்து காட்டினப்ப நான் கதவு கைப்பிடிய புடிச்சுகினு கோவிந்தா கோவிந்தான்னு இருந்தேன்.

புத்தூர்_பாவா:

நம்ம நாட்டுலயும் இருக்கு அண்ணா, இந்தூர் பக்கம் பீதாம்பூர்ல நாட்ராக்ஸ், 11.3 கிலோமீட்டர், 2021ல தொறந்தது. மில்புரூக் மாதிரி மூணு வட்டத்த அதுல வைக்கலாம். ஒரு தடவ கிளப்பா அங்க போகணும், நகரில இருந்து ரெண்டு நாள் ஆவும், ஸ்டார்ம் அண்ணன் 60லயே வந்தா மூணு நாள்.

விஷயத்துக்கு வர்றேன். நான் அன்னிக்கு கூட போயிருந்தேன், பாலியோ எழுதாத ஒண்ணு சொல்லணும். அந்த பொம்மையோட கால்ல, முட்டிக்கு கீழ, எலும்பு இருக்கற எடத்துல சென்சார் வச்சிருக்காங்க. மேடம் அத தொட்டு காட்டி, நெஞ்சுக்கும் தலைக்கும் அடி கொறஞ்சு உசுரு தப்பினாலும் கால் எலும்பு போய் வருஷக்கணக்கா நடக்க முடியாம போறவங்க நெறைய, அதனால காலுக்கும் மார்க் உண்டுன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, எங்க ஊர் பேரே கால் எலும்புல தான் ஓடுது. புத்தூர் கட்டுன்னா எங்க போனாலும் தெரியும். எங்க வீடு அந்த ரோட்டுல தான், சின்ன வயசுல திண்ணைல உக்காந்தா பொழுதுபோக்கே அது தான், காலைல இருந்து காரு வேனு ஆட்டோல கால நீட்டிகினு வருவாங்க, மெட்ராஸ் வண்டி, பெங்களூர் வண்டி. எலைய அரச்சு முட்ட வெள்ளக்கரு சேத்து துணில தடவி மூங்கில் பத்த வச்சு கட்டுவாங்க. பைக்ல உழுந்தவங்க தான் ஜாஸ்தி. கார்ல அடிபட்டு வர்றவங்க எல்லாருக்கும் அடி ஒரே எடத்துல தான் இருக்கும், முட்டிக்கு கீழ, பிரேக்க மிதிச்ச கால். அந்த பொம்மை கால்ல சென்சார் வச்சிருக்கற எடம் அதே எடம். எங்க தாத்தா இத அம்பது வருஷம் முன்னாடியே திண்ணைல உக்காந்து சொல்லி இருப்பாரு, காசு வாங்காம.

டிஎன்20_தம்பி:

பாவா செம. மைலேஜ் டெஸ்ட் பண்ற எடம் பாத்தீங்களா? என் வண்டிக்கு கம்பெனி 22னு சொன்னான், 15 தான் குடுக்குது, ஏமாத்தறாங்களா

நகரி_பாலியோ:

பாத்தோம். ரோட்டுல ஓட்டறது இல்ல தம்பி, உருளை மேல சக்கரத்த வச்சு நின்ன எடத்துலயே ஓட்டறாங்க. எதிர்ல டிவில ஒரு கோடு ஓடுது, டிரைவர் அந்த கோட்டு மேலயே வேகத்த வச்சுகினு போகணும், வீடியோ கேம் மாதிரி. இந்திய டிரைவிங் சைக்கிள்னு பேரு, 1180 செகண்ட், அதாவது இருவது நிமிஷம் கூட இல்ல, உச்ச வேகமே 90 தான், ஏசி ஆஃப். நீ மே மாசம் ஏசிய ரெண்டுல வச்சு நாலு பேர ஏத்திகினு திருப்பதி மலை ஏறிட்டு 22 வரலன்னா யாரு மேல தப்பு? எல்லா வண்டியும் ஒரே பரீட்சை எழுதுது, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட தான் அந்த நம்பர்.

சத்தமே_சங்கீதம்:

பிள்ளையார் விஷயத்துக்கு எங்க வீட்டுல ஒரே ரகளை. அண்ணி மூஞ்சின்னு பாலியோ எழுதினது எங்க அண்ணன் வண்டிய பத்தி தான். அம்மா சொல்றாங்க, சாமிய எவளோ ஒருத்தி எடுக்க சொன்னான்னு எடுக்கறதா, அவரு தானே இத்தன நாள் காப்பாத்தினாருன்னு. அண்ணி ஒண்ணுமே பேசல, போய் பிள்ளையார எடுத்து பூஜை ரூம்ல வச்சுட்டு வந்துட்டாங்க.

புத்தூர்_பாவா:

அண்ணி தான் கரெக்ட். பிள்ளையாருக்கும் பூஜை ரூம் தான் சேஃப்

வெள்ளை_டர்போ:

திறந்து பாத்தோம்.

காலைல பேட்டரி கேபிள கழட்டிட்டு டீ குடிச்சுட்டு வந்து நம்ம திருத்தணி மெக்கானிக் அண்ணன் மூடிய கழட்டினாரு. உள்ள ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல. வெறும் பிளாஸ்டிக் மூடி, அது ஆடாம இருக்க பின்னாடி பழைய பனியன் துணி அடைச்சிருக்கு. மஞ்ச வயர் ரெண்டு வருது, அது முனைல இன்சுலேஷன் டேப் சுத்தி இருக்கு, டேப்ப பிரிச்சா டம்மி_78 அண்ணா சொன்ன மாதிரி ரெசிஸ்டர். அரிசி சைஸ்ல. ரெண்டு ரூபா பெறாது. அப்புறம் பாசஞ்சர் பக்கமும் பாத்தோம், அங்கயும் அதே.

ரெண்டு வருஷமா இந்த வண்டில என் பொண்ண ஸ்கூல்ல விடறேன். பின் சீட்ல தான், ஆனாலும்.

மூணு லட்சம் குறைவா வாங்கினேன்னு உங்க எல்லாருக்கும் ட்ரீட் வெச்சேன் ஞாபகம் இருக்கா. வித்த எடத்துக்கு போன் பண்ணேன், மொதல்ல எடுத்தான், விஷயத்த சொன்னதும் கட் பண்ணிட்டான், இப்ப ரிங் போவுது எடுக்க மாட்டேங்கறான். பேர் போட வேணாம்னு பாலியோ சொன்னான், வக்கீல் கிட்ட காட்டினப்புறம் பாக்கலாம்.

டிஎன்20_தம்பி:

அண்ணா 😟

ஷெட்_மாமா:

தம்பி, பனியன் துணி அடைக்கற வேல எங்க தொழில்ல இருக்கறவன் தான் பண்ணி இருப்பான். எனக்கு அசிங்கமா இருக்கு. தகடு பத்தி நான் சொன்னத வாபஸ் வாங்க மாட்டேன், ஆனா இது வேற. சித்தூர்லயும் திருத்தணிலயும் எனக்கு தெரிஞ்ச பசங்க இருக்காங்க, ரெண்டு பேரும் யோக்கியன். யாரு வண்டி செகண்ட் ஹேண்டோ அவன் எல்லாம் கொண்டாங்க, நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்.

டம்மி_78:

வெள்ளை_டர்போ, பை மட்டும் வாங்கி மாட்டினா முடியாது. ஒரு தடவ வெடிச்ச வண்டின்னா ஏர்பேக் கம்ப்யூட்டர், ஸ்டியரிங்குக்கு அடில இருக்கற சுருள் வயர், பெல்ட் இழுக்கற டென்ஷனர் எல்லாம் செக் பண்ணணும், டென்ஷனரும் ஒரு தடவ தான் வேல செய்யும். பழைய மார்க்கெட்ல கழட்டின பை கிடைக்கும்னு யாராவது சொல்வாங்க, வேணாம், அது எந்த வண்டில நனைஞ்சதோ எப்ப அடிச்சதோ. சர்வீஸ் சென்டர்ல எஸ்டிமேட் வாங்குங்க, வயித்தெரிச்சலா தான் இருக்கும். அது வரைக்கும் பெல்ட்டோட மெதுவா ஓட்டுங்க, டென்ஷனர் போயிருந்தாலும் பெல்ட் கொஞ்சமாவது புடிக்கும், பொண்ண வேற வண்டில விடுங்க.

அந்த மேடம் வெரல்ல கண்டுபுடிச்சாங்களே, அவங்களுக்கு ஒரு நன்றி மெயில் அனுப்புங்க. எங்க வேலைல அது அபூர்வமா தான் வரும்.

வெள்ளை_டர்போ:

அனுப்பிட்டேன் அண்ணா. பதில் ஒரு வரி தான் வந்துச்சு. "பெல்ட் கிளிப் வச்சிருந்தவர் கழட்டிட்டாரா?"

நகரி_பாலியோ:

கழட்டிட்டான், முருகர் மட்டும் சாவிக்கொத்துக்கு மாறிட்டாரு.

சரி மேட்டருக்கு வாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல 6 மணி, திருத்தணி மலை அடிவாரம், வழக்கமா நிக்கற டீக்கடை. அங்கிருந்து ஷெட்_மாமா சொன்ன ஆளு கிட்ட. இதுவரைக்கும் ஏழு செகண்ட் ஹேண்ட் வண்டி பேர் குடுத்திருக்கு, என் பாலியோவும் சேத்து, அதுல பாக்க பெருசா ஒண்ணும் இல்லனாலும் வர்றேன். சீட் கவர வீட்டுலயே கழட்டிட்டு வாங்க, அங்க வந்து கழட்டினா மதியம் ஆயிடும். சத்தமே_சங்கீதம், நீ கம்பெனி சைலென்சர மாட்டிகினு வா, பாவாவோட சித்தப்பா டீக்கடைக்கு வர்றாராம்.

சத்தமே_சங்கீதம்:

பரண் மேல இருக்கு. தேடறேன்.